பிறசரோடு நித்திரையையும் கேளுங்கள்

திருகோணமலை மாவட்டத்தின் சுகாதார அதிகாரிகளுக்கும், கிளினிக்குகளில் கடமையாற்றும் வைத்தியர்கள், தாதியர்கள், குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம். அம்மாவுக்குப் பிறசரும் சீனி வருத்தமும் இருப்பதால் மாதாமாதம் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிவருகிறேன். அதே வாங்கில் வருடக்கணக்காக உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்களின் கதையும் காதில் விழத்தான் செய்யும். அந்தக் கதைகள்தான் இந்த மடலை எழுத வைத்தன. நான் கேட்பது ஒன்றுதான். பிறசரும் சீனியும் பார்க்கும் அதே இடத்தில், அதே நாளில், வந்தவரின் நித்திரையையும் மனதையும் பற்றியும் கேளுங்கள்.

என்னோடு கதைக்கும் ஒரு அக்கா கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வருகிறவர். கணவர் மீன்பிடித் தொழில். வாடைக் காற்று தொடங்கினால் பல நாள் வள்ளம் கரையிலேயே கிடக்கும். லோன்காரருக்கு வாடையும் இல்லை, சோளகமும் இல்லை. கிழமைக்குக் கிழமை வந்துவிடுவார். அவர் வருவதற்கு முதல் நாள் இரவு அந்த அக்கா கண் மூடுவதில்லை. ஒருமுறை அப்படி விழித்திருந்துவிட்டுக் கிளினிக்குக்கு வந்தார். பிறசர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "குளிசை ஒழுங்காப் போடுறீங்களா? உப்பைக் குறைச்சீங்களா?" என்று கேட்டார்கள். "ஓம் மிஸி" என்றார். குளிசையைக் கூட்டி எழுதிக் கொடுத்தார்கள். கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "உப்பைக் குறைச்சிட்டன் தங்கச்சி. யோசினைய எப்பிடிக் குறைக்கிற?"

அந்தத் தாதியை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு முன்னால் வாசல்வரை சனம். குளிசையும் தேவைதான், அதை யாரும் விட்டுவிடக் கூடாது. ஆனால் அந்தப் பிறசருக்குப் பின்னால் இருந்த காரணங்களில் ஒன்று கொப்பியில் ஏறவே இல்லை.

யோசனை உடம்புக்குள் செய்வது உங்களுக்குத் தெரியாததல்ல. இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பயமோ பதற்றமோ வந்தவுடன் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினையும் கோர்ட்டிசோலையும் இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கும், பிறசர் ஏறும், ஈரல் சேமித்து வைத்த சீனியை வெளியே விடும், சமிபாடு மந்தமாகும். பாம்பைக் கண்டு ஓடுவதற்கு இது நல்ல ஏற்பாடு. பாம்பு போனதும் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். கடன் அப்படிப் போவதில்லை, காணிப் பிரச்சினை போவதில்லை, காணாமல் போன பிள்ளையைப் பற்றிய நினைப்பும் போவதில்லை. அந்தச் சுரப்பு மாதக்கணக்கில் நீளும்போது நித்திரை கெடுகிறது, சீனி கட்டுப்பட மறுக்கிறது, நோயெதிர்ப்புச் சக்தி குறைகிறது. ஞாபகமறதி, எரிச்சல், எதிலும் பிடிப்பில்லாமை எல்லாம் பின்னாலேயே வருகின்றன.

52 நாடுகளில் நடத்தி 2004 இல் வெளியிட்ட பெரிய ஆய்வொன்று மாரடைப்புக்கான ஒன்பது முக்கிய காரணிகளைச் சொன்னது. புகைத்தல், பிறசர், நீரிழிவோடு அதே பட்டியலில் மன அழுத்தமும் மனச்சோர்வும் இருந்தன. அமெரிக்காவில் நடத்தி 1995 இல் வெளியான இன்னொரு ஆய்வு என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. மறதி நோய் வந்த உறவினரைப் பராமரிப்பவர்களின் கையில் சிறு காயமொன்றை ஏற்படுத்தி, அது ஆற எவ்வளவு காலம் எடுக்கிறது என்று பார்த்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்குச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. கிளினிக்குக்குத் தாயையோ மாமியாரையோ கைத்தாங்கலாகக் கூட்டிவரும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒன்பது நாள்தான் ஞாபகம் வரும். அவர்களில் பலருக்குச் சொந்தமாகக் கிளினிக் கொப்பியே இல்லை.

எங்கள் மாவட்டத்து மக்கள் பட்டவை கொஞ்சமல்ல. 1990 இன் இடப்பெயர்வு, 2004 இன் சுனாமி. 2006 இல் சம்பூரை விட்டு ஓடியவர்கள் கிளிவெட்டி முகாமில் இருந்து, சொந்தக் காணியில் கால்வைக்கக் கிட்டத்தட்டப் பத்து வருடம் ஆனது. அப்புறம் 2022 இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று பாராமல் எல்லா வீட்டிலும் ஏதோ ஒன்று மிச்சமிருக்கிறது. யாரும் வந்து "எனக்கு மன அழுத்தம்" என்று சொல்லமாட்டார்கள். நெஞ்சு படபடக்குது, தலை இடிக்குது, கை கால் விறைக்குது, வயிறு எரியுது என்றுதான் சொல்வார்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்லை, வீட்ட போங்க" என்பார்கள். வருத்தம் மெய்யாகவே இருக்க, ஒன்றுமில்லை என்ற சொல்லோடு வீட்டுக்குப் போகிறவர் அடுத்த முறை வாயே திறக்கமாட்டார். தயவுசெய்து அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். "இதயத்தில் பிழையில்லை, ஆனால் உங்களுக்குக் கஷ்டம் இருக்குது, அதைப் பார்ப்பம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் போகும்?

கேள்விகளும் பெரிய கேள்விகள் இல்லை. கடந்த இரண்டு கிழமையில் மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா? வழமையாகப் பிடித்த காரியங்களில் விருப்பமில்லாமல் போனதா? இந்த இரண்டும் உலகெங்கும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கக் கேட்கும் கேள்விகள்தான். மூன்றாவதாக நித்திரையைக் கேளுங்கள். ஆனால் வாங்கில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி கேட்காதீர்கள். ஒரு திரை போதும். அவரவர் பாஷையில் கேளுங்கள். துக்கத்தை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துச் சொல்வது பெரும் பாடு.

ஓம் என்று சொல்கிற எல்லோரையும் மனநல வைத்தியரிடம் அனுப்ப வேண்டியதில்லை. அப்படி அனுப்பினால் பாதிப்பேர் போகவும் மாட்டார்கள். அந்த வாசலில் நிற்பதை ஊரில் யாராவது கண்டால் "விசர்" என்று பெயர் வைத்துவிடுவார்கள் என்ற பயம். பாகிஸ்தானின் கிராமங்களில் மனச்சோர்வுள்ள தாய்மாருக்கு, வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பெண் ஊழியர்களையே பழக்கி ஆறுதலும் வழிகாட்டலும் கொடுக்க வைத்தார்கள். 2008 இல் முடிவு வெளியானது. பிள்ளை பிறந்து ஆறு மாதத்தில் அந்தத் தாய்மாரில் 23 வீதமானோருக்கே மனச்சோர்வு இருந்தது. வழமையான வீட்டுச் சந்திப்பு மட்டும் கிடைத்தவர்களில் அது 53 வீதம். எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்கள் ஏற்கனவே ஒவ்வொரு வீட்டுப் படலையும் அறிந்தவர்கள். அவர்களுக்கு அந்தப் பயிற்சியையும், அதற்கான நேரத்தையும் கொடுங்கள். நேரம் கொடுக்காமல் வேலையை மட்டும் கொடுத்தால் அடுத்துக் களைத்து விழுவது அவர்கள்தான்.

நிலைமை மோசமானவர்களுக்கு மனநல வைத்தியர் கட்டாயம் வேண்டும். அவர் மாதத்தில் ஒருநாளாவது இதே கிளினிக் நாளில், இதே கட்டடத்தில் இருந்தால் மக்கள் கூச்சமில்லாமல் போவார்கள். இரவு நேரத்துக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. அதை ஒவ்வொரு கிளினிக் கொப்பியின் அட்டையிலும் பெரிதாக ஒட்டிவிடுங்கள்.

கடற்கரைக் கிராமத்துக் கிளினிக் ஒன்றிலாவது வாடைக்கு முன் இதைத் தொடங்குங்கள். கேள்விகளை எளிய தமிழில் எழுதிக்கொடுக்கவும், திரை தைத்துக் கொடுக்கவும், வரிசையை ஒழுங்குபடுத்தவும் எங்களில் ஆட்கள் இருக்கிறோம். எந்த நாள் என்று சொல்லுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
அம்மாவோடு கிளினிக்குக்கு வரும் மகள்,
உப்புவெளி, திருகோணமலை