ஐவரில் ஒருவர் தெல்லிப்பழையில்தான் கண்ணை மூடினார்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் அமெரிக்கக் கல்லூரி மரபுகளைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடுதான் வாசித்தேன். வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐவர் வைக்கோற்போரடியில் கூடி, ஆசியாவுக்கு மிஷனரிகள் போகவேண்டும் என்று வேண்டிய வைக்கோற்போர் ஜெபத்தைச் சொல்லிவிட்டு, "அந்த ஐந்து மாணவர்களில் ஒருவர்கூட ஆசிய மண்ணை மிதிக்கவில்லை" என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். வேறு ஊர்ப் பத்திரிகை என்றால் பொறுத்திருப்பேன். யாழ்ப்பாணத்தில் அச்சாகும் பத்திரிகை இப்படி எழுதலாமா?

1806 ஆகஸ்டில் இடிமழைக்கு ஒதுங்கி அந்தப் போரடியில் ஜெபித்தவர்கள் மில்ஸ், ரிச்சர்ட்ஸ், ராபின்ஸ், லூமிஸ், கிரீன். இவர்களில் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் 1816இல் மனைவியோடு மிஷனரியாக நம்மிடம் வந்தார். வட்டுக்கோட்டையில் சக மிஷனரி மெய்க்ஸுடன் வேலை தொடங்கினார். நோய் உடம்பை உருக்கியது. 1822 ஆகஸ்டில் தெல்லிப்பழையில் இறந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல.

1808இல் மில்ஸும் ரிச்சர்ட்ஸும் சேர்ந்து, வெளிநாட்டு மிஷனுக்குப் போக முடிவெடுத்த மாணவர்களுக்காகத் தொடங்கிய 'சகோதரர்' சங்கத்தையும் கட்டுரை மாணவர் விளையாட்டாக்கிவிட்டது. சட்டதிட்டத்தைச் சங்கேத எழுத்தில் எழுதி ஒளித்துவைத்தார்கள் என்பது உண்மை. கடல் கடந்து மிஷனுக்குப் போவதைப் பித்து என்று பலர் நினைத்த காலம் ஐயா அது. அதைச் சொல்ல ஒரு வரி இடம் இல்லாமலா போயிற்று?

மகளைப் பார்க்க மசாசுசெட்ஸ் போனபோது வில்லியம்ஸ்டவுனுக்கும் போனேன். 1867இல் நிறுத்திய பளிங்குத் தூண், உச்சியில் உலக உருண்டை, நடுவில் செதுக்கிய வைக்கோற்போர், ஐந்து பெயர்கள். ரிச்சர்ட்ஸ் என்ற எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தேன். கூட வந்தவர் நன்றாகப் படித்தவர். "இவர்கள் பர்மாவுக்குப் போனவர்கள்தானே?" என்று கேட்டார். பர்மாவுக்குப் போன அமெரிக்க மிஷனரி ஜட்சன் அந்தக் கல்லூரி மாணவரே அல்ல! எங்கே போனாலும் ஜட்சன்தான். நம்மிடம் வந்து செத்தவர் யார் நாவிலும் இல்லை. அதே கல்லூரியில் 1828இல் பட்டம் பெற்று, அமெரிக்க மிஷன் இங்கே நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரி என்ற உயர்கல்விக்கூடத்தின் அதிபராக இருந்து, சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் தந்த ஹோய்சிங்டனையாவது நினைக்கிறோமா? அவரும் இல்லை.

நான் சைவன். மதம் மாற்ற வந்தவர்களுக்காக ஏன் வக்காலத்து என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். மதமாற்றத்தைப் பற்றி எனக்கும் கோபம் உண்டு, அது வேறு கணக்கு. 1990இல் தெல்லிப்பழையை விட்டு ஓடிய குடும்பம் எங்களுடையது. திரும்பி வந்தபோது எங்கள் காணியின் எல்லையையே தேட வேண்டியிருந்தது. ஊரில் அழிந்தது போதும், ஏட்டிலும் அழிக்க வேண்டுமா?

இதற்கு முன்பும் இப்படிப் பிழைகளைச் சுட்டி எழுதியிருக்கிறேன். பதில் வந்ததில்லை. அடுத்த ஞாயிறு இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். கட்டுரை வந்த அதே பக்கத்தில் போடுங்கள். மரண அறிவித்தல்களுக்குக் கீழே வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
தெல்லிப்பழை