மலையேறும் செல்போனுக்கு வயரா, வயர்லெஸ்ஸா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்பம், கூடலூர், போடி பக்கமும், எல்லை தாண்டிக் குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கமும் செல்போன் கடைகளில் இப்போது அடிக்கடி விழும் கேள்வி ஒன்று உண்டு: "வயர் இல்லாம சார்ஜ் ஏத்துற தட்டு வாங்கலாமா, கேபிளே போதுமா?" கேட்கிறவர்களில் பலர் விடியும் முன் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏறிப் பொழுது சாய இறங்குகிறவர்கள், அல்லது மேலேயே தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தங்குகிறவர்கள். நகரத்து மேசையில் போனை வைத்து எடுக்கிறவர்களுக்குச் சொல்லும் பதில் இவர்களுக்குப் பொருந்தாது. சாரல், மண், வியர்வை, சொல்லாமல் போகும் கரண்ட், வளைவுக்கு வளைவு குலுங்கும் ஜீப் என்று இங்கே போன் படும் பாடே வேறு. பழுது பார்க்கும் மேசைக்கு வரும் போன்கள் காட்டுகிறதை வைத்து எழுதுகிறோம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சார்ஜிங் பின், அதாவது போனில் கேபிள் சொருகும் துளை, காய்ந்திருக்கும் நாளெல்லாம் நல்ல கேபிள்தான். பின்னுக்குள் ஈரம் இறங்கிய அன்று மட்டும் வயர்லெஸ் தட்டு. இந்த இரண்டையும் மாற்றிச் செய்வதால்தான் மழைக்காலத்தில் இத்தனை போன்கள் சாகின்றன.

தட்டுக்குள் ஒரு செம்புச் சுருள், போனின் முதுகுக்குள் ஒரு சுருள். கீழே உள்ளதில் மாறுமின்னோட்டம் ஓடும்போது மேலே உள்ளதில் மின்சாரம் தோன்றும். மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்ட தூண்டல் விதிதான். கியூ-ஐ என்று எழுதி 'சீ' என்று படிக்கும் பொதுத் தரம் 2010-ல் வந்தது. தொடக்கத்தில் 5 வாட். பிறகு 15 வாட். 2017-ல் ஐபோன் 8 இதை ஏற்றபின் பரவலானது. காந்தம் வைத்து இரண்டு சுருளையும் நேருக்கு நேர் நிறுத்தும் 'சீ 2' 2023-ல் வந்தது. இருபதாயிரம் ரூபாய்க்குக் கீழே விற்கும் பெரும்பாலான போன்களில் அந்த உள்சுருளே கிடையாது என்பதைத் தட்டு வாங்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். தட்டை வாங்கி வந்து, போனை வைத்து, விளக்கு எரியவில்லையே என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. சுருள் இல்லாத போனுக்கென்று முதுகில் ஒட்டும் மெல்லிய ரிசீவர் விற்கிறது. அதன் வால் சார்ஜிங் பின்னில்தான் சொருகப்பட வேண்டும். கிடைப்பது 5 வாட், பெரும்பாலும் அதற்கும் குறைவு. பின்னைக் காப்பாற்ற வாங்கிய பொருள் பின்னிலேயே நாள் முழுக்கக் கிடந்து, உள்ளே இறங்கிய ஈரத்தை வெளியே விடாமல் அடைத்துக்கொள்ளும். அதை வாங்கவே வேண்டாம்.

வயர்லெஸ்ஸில் கரண்ட் வீணாகிறது என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 5,000 எம்ஏஎச் பேட்டரி என்பது சுமார் 19 வாட்-மணி. கேபிளில் ஏற்றினால் சுவரிலிருந்து ஏறத்தாழ 25 வாட்-மணி இழுக்கும். தட்டில் 35 வரை போகலாம். தினமும் ஏற்றினாலும் இந்தக் கூடுதல் இழப்பு ஆண்டுக்கு நான்கு யூனிட்டைத் தொடாது. பில்லுக்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை. அந்த வீணான மின்சாரம் எங்கே போகிறது என்பதுதான் கவலை. அது சூடாக மாறி, போனின் முதுகில், பேட்டரியை ஒட்டியே இறங்குகிறது. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. சுருளுக்குச் சுருள் கொஞ்சம் விலகி வைத்தால் சார்ஜ் மெதுவாகும், சூடு கூடும். இரவு முழுக்கக் கோணலாகத் தட்டில் கிடக்கும் போன், காலையில் கைக்குச் சுடச்சுட வந்தால், அந்தத் தட்டு பேட்டரியின் ஆயுளைத் தின்கிறது என்று கொள்ளுங்கள்.

பவர் பேங்கில் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியும். லயத்தில் கரண்ட் போனால் பவர் பேங்க்தான் துணை. 10,000 எம்ஏஎச் என்று போட்டது உள்ளே 37 வாட்-மணி. வெளியே 5 வோல்ட்டில் வருவது சுமார் 6,000 எம்ஏஎச்தான். பெட்டியில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று சின்ன எழுத்தில் அதைப் போட்டிருப்பார்கள். கேபிளில் ஒரு போனை ஒன்றரைத் தடவைக்குச் சற்றுக் குறைவாக ஏற்றலாம். அதே பவர் பேங்கின் வயர்லெஸ் முதுகில் வைத்தால் ஒரு தடவை முழுதாக ஏறுவதே பெரிது. அடைமழையில் கரண்ட் இரண்டு நாள் வராமல் போகும் இடத்தில் அந்த அரைத் தடவை ஒரு நாள் பேச்சு. பவர் பேங்குக்கு எப்போதும் கேபிள்தான்.

ஜீப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். டேஷ்போர்டில் காந்த ஸ்டாண்டு வைத்து, போனுக்கும் கவருக்கும் நடுவே ஒரு வட்ட இரும்புத் தகடு செருகியிருப்பார்கள். அந்தத் தகட்டோடு போனை வயர்லெஸ் தட்டில் வைப்பது மிகத் தவறு. மாறும் காந்தப்புலம் போனின் சுருளுக்குப் போகாமல் தகட்டில் சுழல்மின்னோட்டமாகிச் சூடாகும். கவர் உருகிய தழும்போடு வந்த போன்கள் உண்டு. நல்ல தட்டு இடையில் உலோகம் இருப்பதை உணர்ந்து நிறுத்திக்கொள்ளும். மலிவான தட்டு எல்லா நேரமும் நிறுத்தும் என்று நம்ப முடியாது. கவரின் முதுகில் சொருகிவைக்கும் நாணயம், மாத்திரை அட்டைத் துண்டு, விரல் வளையம் எல்லாம் இதே கதைதான். ஏடிஎம் கார்டும் அங்கே இருக்கக் கூடாது. இத்தனையும் எடுத்தாலும், காந்தம் இல்லாத தட்டு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நகர்ந்து சார்ஜ் விட்டுவிட்டு ஏறும். மேலே கண்ணாடி வழியே வெயில், உள்ளே மேப், மலையிடுக்கில் சிக்னல் தேடும் உழைப்பு, இவற்றோடு தட்டின் சூடும் சேர்ந்தால் போன் தானே சார்ஜை நிறுத்திவிடும். ஜீப்புக்கு ஒரு மீட்டருக்குக் குறைந்த, தடித்த கேபிள் போதும்.

இனி, நனைந்த சார்ஜிங் பின். இதில்தான் வயர்லெஸ்ஸுக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது.

டைப்-சி பின்னுக்குள் மெல்லிய நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும்; அதன் மேலும் கீழும் பன்னிரண்டு பன்னிரண்டாக 24 தொடுமுனைகள். 5 வோல்ட் வரும் முனைக்கு அடுத்ததே சார்ஜரோடு பேச்சுவார்த்தை நடத்தும் 'சிசி' முனை. நடுவே அரை மில்லிமீட்டர் கூட இடைவெளி இல்லை. அங்கே ஒரு துளி நின்று, மேலே கேபிளும் சொருகப்பட்டால், பிளஸ் முனையின் உலோகம் கரைந்து நகரத் தொடங்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மற்ற முனைகள் பொன்னிறமாக மின்ன, அந்த ஒன்றிரண்டு மட்டும் கறுத்து, ஓரத்தில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். மழைத் தண்ணீரைவிட உப்பு கலந்த வியர்வை இதை வேகமாகச் செய்யும். இடுப்பிலோ சட்டைக்குள்ளோ போனைச் செருகி நாள் முழுக்கக் காய் எடுக்கும் பெண்களின் போன்கள் மழை இல்லாத மாதத்திலும் இந்தப் பச்சையோடு வருவதற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பழைய அகல வாய் (யுஎஸ்பி-ஏ) அடாப்டரிலிருந்து டைப்-சிக்கு வரும் கேபிளின் நுனியில், போன் மாட்டாவிட்டாலும் 5 வோல்ட் எந்நேரமும் இருக்கும். இரு பக்கமும் டைப்-சி உள்ளதில், மறுமுனையில் போன் இருப்பதை உணர்ந்த பிறகே மின்சாரம் வரும். ஆகவே ஜீப்பிலும் லயத்துச் சுவரிலும் ஸ்விட்ச் போட்டபடி தொங்கும் அகல வாய் கேபிளின் நுனி ஈரக் காற்றில் தானாகவே அரிக்கும். அந்த அழுக்கு நுனி நல்ல போனின் பின்னையும் கெடுக்கும்.

போனில் நீர்த்துளிப் படமோ 'ஈரம் உள்ளது' என்ற எச்சரிக்கையோ வந்தால், சுவர் ஸ்விட்சை முதலில் அணைத்து, பிறகு கேபிளை உருவுங்கள். சார்ஜிங் பின் தரையைப் பார்க்கும்படி போனைப் பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டினால் நின்ற நீர் இறங்கும். காற்றோட்டமான இடத்தில் அரைமணி நேரம் வையுங்கள். மறுபடி எச்சரிக்கை வந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. முழுதாகக் காய ஒரு நாள்கூட ஆகலாம். அரிசிப் பானையில் புதைக்காதீர்கள். துகள் உள்ளே போய் மாவாக ஒட்டும், ஆப்பிள் நிறுவனமே வேண்டாம் என்கிறது. பஞ்சுக் குச்சி நூல் விடும். முடி உலர்த்தும் கருவி நீரை இன்னும் உள்ளே தள்ளும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் கொண்டுபோய் வைப்பதும் வேண்டாம்: அங்கே 45 முதல் 55 டிகிரி வரை சூடு, காய்க்கு நல்லது, பேட்டரிக்கு ஆகாது. அவசரமாகச் சார்ஜ் வேண்டுமானால், போனின் முதுகை நன்றாகத் துடைத்துவிட்டு வயர்லெஸ் தட்டில் வையுங்கள். பின்னைத் தொடாமலே ஏறும். சேற்றுத் தண்ணீர் என்றால் காய்ந்தாலும் மண் உள்ளேயே நிற்கும். கடையில் கொடுத்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவிக்கொள்வதே சரி.

"பின் லூஸ்" என்று வரும் போன்கள் எல்லாவற்றுக்கும் பின் மாற்ற வேண்டியதில்லை. சட்டைப்பை நூலும் மண்ணும் அடியில் கெட்டியாகி, கேபிள் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நிற்பதே பல நேரம் காரணம். போனை அணைத்துவிட்டு, மெல்லிய மரப் பல்குச்சியால் சுவரோரமாகச் சுரண்டினால் பஞ்சு போல வெளியே வரும். ஊசி, பின்னூசி ஆகாது; நடு நாக்கை ஒடித்துவிடும். உண்மையிலேயே தேய்ந்திருந்தாலும், நிறையப் போன்களில் பின் தனிச் சின்ன போர்டில் இருக்கிறது. மெயின் போர்டைத் தொடாமல் அதை மட்டும் மாற்றலாம்.

கேபிள் என்றால் எந்தக் கேபிளும் இல்லை. வெளியே நைலான் பின்னல் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், உள்ளே செம்பு எவ்வளவு என்பதே கேள்வி. கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்ணே கேஜ். 28 கேஜ் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். மின்சாரம் போகவும் வரவும் என்று இரட்டிப்பு. ஒரு மீட்டர் கேபிளில் 2 ஆம்பியர் ஓடினால் 5 வோல்ட்டில் 0.85 வோல்ட் வழியிலேயே போய், போனுக்கு 4.15 வோல்ட்தான் வந்து சேரும். 4.4, 4.5-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான போன்கள் ஆம்பியரைத் தாமே குறைத்துக்கொள்ளும். 24 கேஜ் என்றால் இழப்பு 0.34 வோல்ட்தான். இரண்டு மீட்டர் மெலிந்த கேபிளை வாங்கிவிட்டு, ஸ்லோவாக ஏறுகிறது என்று அடாப்டரை மாற்றுகிறவர்கள் ஏராளம். கேஜ் எண்ணை, சில கேபிள்களின் மேலுறையில் '28/24 ஏடபிள்யூஜி' என்று அச்சிட்டிருப்பார்கள். சின்ன எண்தான் தடித்த கம்பி, மின்சாரம் போகும் கம்பி அதுவே.

இரு பக்கமும் டைப்-சி உள்ள சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர், 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் 5 ஆம்பியருக்கான சிப் உள்ள கேபிள் வேண்டும். சில நிறுவனங்களின் 67, 80 வாட் அடாப்டர்கள் அவற்றின் சொந்தக் கேபிளோடு மட்டுமே முழு வேகம் தரும். தட்டுக்கும் இதே விதி: 15 வாட் தட்டை 5 வோல்ட், 1 ஆம்பியர் பழைய அடாப்டரில் சொருகினால் 5 வாட்கூட ஒழுங்காக வராது; 9 வோல்ட் தரும் 20 வாட் அடாப்டர் வேண்டும். அடாப்டரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் 'ஆர்-' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் உண்மையா என்பதை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம்.

முதுகுக் கண்ணாடி உடைந்து மாற்றிய பிறகு வயர்லெஸ் வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலும் சுருளின் தொடுமுனை சரியாக உட்காரவில்லை என்று பொருள். திரும்பக் கொண்டுபோய்க் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. முதுகு மேடிட்டு, தட்டில் வைத்தால் போன் ஆடுகிறது என்றால் உள்ளே பேட்டரி உப்பிவிட்டது. கேபிளும் வேண்டாம், தட்டும் வேண்டாம், அணைத்துவிட்டுக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

எங்கள் தொழிலில் இருப்போரிடமும் ஒரு வேண்டுகோள். வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும் யுஎஸ்பி மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கம்பம், குமுளி பஸ் ஸ்டாண்டுகளைச் சுற்றிக் கேபிள் விற்கும் ஒவ்வொரு கடையும் அதை வைத்து, வாங்குகிறவர் முன்னாலேயே கேபிளை மாட்டி அளந்து காட்ட வேண்டும். அரை நிமிட வேலை. மேலே ஏறிப்போனபின் கேபிள் சரியில்லை என்று தெரிந்தால், மாற்றிக்கொள்ள அந்தத் தொழிலாளி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் கீழே வர முடியும்.

இப்படிக்கு,
செல்போன் பழுது பார்க்கும் தொழிலில் இருப்போர்,
கம்பம், தேனி மாவட்டம்.