பிரேக் கேலிப்பரை மாற்றுமுன் திருகைத் தளர்த்திப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான சிஓஇ எனும் உரிமைச் சான்றிதழின் விலையைப் பார்த்து மலைத்து, பத்து ஆண்டு முடிந்த காருக்கே சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டுவோர் எங்கள் புளோக்கில் பலர். ஆண்டுதோறும் சோதனை, கூடுதல் சாலை வரி, எல்லாம் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். ஆனால் முன்சக்கர பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டால் பட்டறையில் என்ன கேட்பது என்று தெரிவதில்லை. நான் பழைய மெக்கானிக் என்பதால் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்.

அண்மையில் மேல்மாடித் தம்பி ஒருவர் வந்தார். தீவு விரைவுச்சாலையில் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினால் இடது முன்சக்கரத்தில் கருகிய வாடை. ஓட்டும்போது கார் இடப்பக்கமே போகிறது. பட்டறையில் பிரேக் பேட், டிஸ்க் மாற்றினார்கள். பிறகு, பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் கேலிப்பர். வாடை போகவில்லை. அடுத்தது, மிதியின் அழுத்தத்தை எண்ணெய் வழியே சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் என்று விலை சொன்னதும் தம்பிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்கும்தான். அது கெட்டால் பெரும்பாலும் ஒரு சக்கரத்தோடு நிற்காதே!

காரை முதல் நாள் இரவே பட்டறையில் விட்டிருக்கிறார். இரவெல்லாம் ஆறிய பிரேக், காலையில் தானே விட்டுக்கொடுத்திருக்கும். சூடாக, பிடித்தபடி இருக்கும்போது பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பார்ப்பதும் பெரிய வித்தையல்ல. சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்ற முடியாதபோது கேலிப்பரில் எண்ணெயை வெளியேற்ற இருக்கும் பிளீடர் திருகைத் தளர்த்த வேண்டும். பிரேக் எண்ணெய் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. விடுபடாவிட்டால் பேடைத் தள்ளும் பிஸ்டனோ, கேலிப்பர் நகரும் பின்னோ துருவேறி இறுகியிருக்கிறது. அழுத்தம்தான் என்றால், பிரேக்கை மறுபடி பிடிக்கவைத்து, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் இரும்புக் குழாய், கேலிப்பருக்கு எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸுடன் சேரும் இடத்தைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். அப்போது சக்கரம் விட்டால் கோளாறு மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடவில்லையென்றால் ஹோஸ்தான்.

தம்பியின் காரில் ஹோஸ்தான். வெளியே வெடிப்பில்லை, கசிவில்லை. உள்ளே ரப்பர் உப்பி வழியை அடைத்திருந்தது. காலால் மிதிக்கும் வேகத்தில் எண்ணெய் எப்படியோ உள்ளே புகுந்துவிடுகிறது. திரும்பி வர அந்த வேகம் இல்லை. பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது அதைச் சுற்றியுள்ள சீல் ரப்பரின் சிறு நெளிவு மட்டும்தான். இரு பக்கமும் புது ஹோஸ் போட்டு, எண்ணெயை மாற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றியதும் வாடை நின்றது. கேலிப்பருக்குக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் ஹோஸ் விலை சொற்பம்.

இதை வாகன நிறுத்துமிடத்தில் நீங்களே செய்து பார்க்க வேண்டாம். எண்ணெய் கொதிக்கும், பெயின்டையும் அரிக்கும். காற்று புகுந்துவிட்டால் பிரேக்கே பிடிக்காது. சக்கரம் சூடாக இருக்கும்போதே பட்டறைக்குப் போய், திருகைத் தளர்த்திக் காட்டச் சொல்லுங்கள். ஈரத்தை உறிஞ்சும் அந்த எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதும் நல்லது.

பட்டறை நடத்துவோரிடம் என் கோரிக்கை ஒன்றுதான். எந்தப் பாகத்தை மாற்றினாலும், எதைச் சோதித்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று ரசீதில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெக்கானிக்,
ஈசூன்