‘இல்லை’ என்பதை அவர்களே எழுதட்டும்

போர்ட்டேஜ், மிச்சிகன்
ஜனவரி

அன்புள்ள கயலுக்கு,

உங்கள் இளையோர் குழுவின் முகாமில் சனிக்கிழமை பிற்பகல் முழுவதும் உன் பொறுப்பு, அதில் பிள்ளைகளை என்ன செய்யச் சொல்லலாம் என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிக்கிற விஷயமாக எனக்குப் படவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள், கண்ணு. இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் என் மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். 15 வயதில் நீ ஊர் அறக்கட்டளையின் இளையோர் குழுவில் சேர்ந்தபோது, பள்ளிப் பிள்ளைகளிடம் பணத்தை ஒப்படைத்து ‘யாருக்குத் தரலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்’ என்று சொல்லும் ஓர் ஏற்பாடு உலகத்தில் இருக்கிறது என்பதே எங்களுக்குப் புதிது. மதுரையில் தாத்தாவிடம் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. இன்று அதே வேலைக்கு நீ வழிகாட்டியாக, டிராவர்ஸ் சிட்டிப் பக்கத்துப் பிள்ளைகளை இரண்டு வேன்களில் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறாய். மனம் நிறைந்திருக்கிறது. அப்பாவுக்கும் அப்படித்தான், ஆனால் அவர் அதைச் சொல்லாமல் வேன் டயர்களைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஏரியிலிருந்து காற்று அடிக்கும் நாட்களில் கால் மணி நேரத்தில் சாலை மறைந்துவிடும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருட்டுவதற்கு முன் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை இரவு, எல்லோரும் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கணப்பருகே உட்கார்ந்ததும், இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடு. மிச்சிகன் பிள்ளைகளிலேயே பலருக்கு இது தெரியாது. 1980களின் இறுதியில் பேட்டில் கிரீக்கில் இருக்கும் கெல்லாக் அறக்கட்டளை ஒரு திட்டத்தோடு வந்தது. ரஸ்ஸல் மாபி அப்போது அதன் தலைவர். ஊர் அறக்கட்டளைகள் உள்ளூரில் நிதி திரட்டினால் அதற்கு ஈடாகக் கெல்லாக் பணம் தரும். ஆனால் அந்தப் பணம் இளையோருக்கான நிரந்தர நிதியாக இருக்க வேண்டும், அதன் வருமானத்தை யாருக்குக் கொடுப்பது என்பதில் பதின்வயதுப் பிள்ளைகளே உட்கார்ந்து பேச வேண்டும் என்பது நிபந்தனை. டோரதி ஜான்சன் தலைமையில் இருந்த மிச்சிகன் அறக்கட்டளைகளின் கூட்டமைப்பு இதை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது. அப்படி மாநிலம் முழுவதும் 80க்கும் மேற்பட்ட குழுக்கள் உருவாயின. 1998இல் சட்டமே திருத்தப்பட்டு, 16, 17 வயதுப் பிள்ளைகள் லாப நோக்கற்ற அமைப்புகளின் இயக்குநர் குழுவில் உறுப்பினராகலாம் என்று ஆயிற்று. பிள்ளைகளை ஏரிக்கரை முகாமுக்கு அழைத்துப் போவதுகூட இங்கே நேற்று வந்த பழக்கம் இல்லை. கெல்லாக் அறக்கட்டளை 1930களிலேயே நம் பக்கத்து ஏரிக்கரைகளில் பிள்ளைகளுக்கென்று முகாம்களைக் கட்டியது. நீ ஐந்தாம் வகுப்பில் போன கிளியர் லேக் அவற்றில் ஒன்று.

முதல் தொகையைத் தொடாமல் வருமானத்தை மட்டும் கொடுக்கிற கணக்கைப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல். ஒரு லட்சம் டாலர் நிதி என்றால் ஆண்டுக்கு நாலாயிரம், ஐந்தாயிரம்தான் கைக்கு வரும். நம் கோயில் கல்வெட்டுகளில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு ‘சாவா மூவாப் பேராடு’ விட்டதாக இருக்குமே, அதே ஏற்பாடுதான்: மந்தை குறையக் கூடாது, நெய் மட்டும் விளக்குக்குப் போகும். இது புரிந்துவிட்டால், ‘எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்துவிடலாமே’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கையில் இருப்பதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் கேட்டு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன என்றாய். அப்படியானால் உங்கள் குழு எழுதப் போகும் கடிதங்களில் பெரும்பாலானவை மறுப்புக் கடிதங்கள்.

நான் சொல்ல வந்தது அதைத்தான்.

கொடுப்பதற்குப் பிள்ளைகளை நன்றாகவே தயார் செய்கிறோம். கற்பனை விண்ணப்பங்களைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்கிறோம், விவாதிக்கச் சொல்கிறோம், காசோலையோடு படம் எடுக்கிறோம். மறுப்பதற்கு யாரும் பழக்குவதில்லை. முடிவு எடுத்ததும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அலுவலகத்தில் யாரோ ஒருவர் எல்லோருக்கும் ஒரே வாசகத்தை அச்சிட்டு அனுப்பிவிடுகிறார். அந்தக் கடிதம் போய்ச் சேரும் இடத்தில் நான் இருந்திருக்கிறேன், கயல்.

பா பா ஊருக்கு அப்பால், சர்ச் கீழ்த்தளத்தில் இருக்கும் உணவு வங்கியில் நான் உதவி செய்வது உனக்குத் தெரியும். புளூபெர்ரியும் திராட்சையும் பறிக்க வந்து, அறுவடை முடிந்த பிறகும் இங்கேயே தங்கிவிடும் குடும்பங்கள்தான் அங்கே அதிகம். நவம்பரில் மான் வேட்டைக்காலம் தொடங்கியதும் வேட்டைக்காரர்கள் இறைச்சியை அரைத்துப் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டு வந்து கொடுப்பார்கள். குளிர்காலம் முழுவதற்கும் போதுமான இறைச்சி; வைக்கத்தான் இடம் இல்லை. அதற்காக ஒரு பெரிய ஃபிரீசர் கேட்டு விண்ணப்பித்தோம். அந்த இடத்தை நடத்துகிற அம்மாள் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மடிப்பு மேசையில் உட்கார்ந்து பென்சிலால் எழுதி எழுதி அழிப்பார். நான் அதை வீட்டுக்குக் கொண்டு வந்து தட்டச்சு செய்வேன். ‘உங்கள் திட்டத்தால் ஏற்படும் அளவிடத்தக்க விளைவுகள் யாவை?’ என்று ஒரு கேள்வி இருந்தது. அவர் அதற்கு எழுதியது: ‘இறைச்சி கெட்டுப்போகாது.’

பதில் வந்தது. தகுதியான விண்ணப்பங்கள் பல வந்தன, இந்த ஆண்டு உங்களுக்கு உதவ இயலவில்லை, உங்கள் பணி தொடர வாழ்த்துகள். அவ்வளவுதான். பணம் போதவில்லையா, ஃபிரீசர் மாதிரியான பொருட்களுக்குத் தருவதே இல்லையா, சர்ச்சில் இருப்பதால் யோசித்தார்களா, ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மாள் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, ‘நான் எழுதியதில் என்ன தப்பு?’ என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அடுத்த ஆண்டு விண்ணப்பப் படிவத்தை நான் எடுத்துக்கொண்டு போனபோது, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

பணம் கிடைக்காததைவிட அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. காரணம் சொல்லாத ஒரு மறுப்பு, இருக்கிற இறைச்சியோடு சேர்த்துக் கேட்கிற தைரியத்தையும் வீணாக்கிவிட்டது.

அதனால் சனிக்கிழமை பிற்பகலுக்கு நான் சொல்வது இதுதான். மதிப்பெண் போடுவதற்கு முன்னால், உங்கள் அறக்கட்டளையின் வெற்றுப் படிவத்தை ஆளுக்கொன்று கொடு. தங்கள் ஊரில் உண்மையாகவே தேவைப்படும் ஒன்றுக்குப் பணம் கேட்டு அவர்களே நிரப்பட்டும். முதல் பக்கம் தாண்டுவதற்குள் சிலருக்குச் சலித்துவிடும். சலிக்கட்டும். வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, அதே படிவத்தோடு மல்லுக்கட்டிய ஒருவரின் தாள்தான் நாளை தங்கள் மேசைக்கு வரப்போகிறது என்பது அப்போது தெரியும். படிவத்தில் எந்தக் கேள்வி வீண் என்பதும் தெரிந்துவிடும். அதை அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுங்கள்.

மார்ச்சில் முடிவுகள் ஆனபின், மறுப்புக் கடிதங்களைப் பிள்ளைகளே எழுத வேண்டும் என்று முகாமிலேயே அவர்களிடம் ஒப்புதல் வாங்கிவிடு. ஒரு கடிதத்துக்கு இரண்டு பேர். அனுப்புவதற்கு முன் மற்றவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். நடிப்பு இருந்தால் காதுக்கு உடனே தெரியும். கணினி எழுதித் தரும் வாசகம் வேண்டாம், அலுவலகத்தின் பழைய வாசகமும் வேண்டாம். உண்மையான காரணத்தை எழுதட்டும். ‘உங்கள் திட்டம் எங்களுக்குப் பிடித்திருந்தது, ஆனால் பள்ளிகளில் நாங்கள் எடுத்த கணக்கெடுப்பில் மனநலம்தான் முதலில் வந்தது, இந்த ஆண்டுப் பணத்தை அதற்கு ஒதுக்கினோம்’ என்பது ஒரு காரணம். ‘நீங்கள் கேட்ட தொகைக்கும் கொடுத்த கணக்குக்கும் பொருந்தவில்லை’ என்பதும் ஒரு காரணம். கேட்கக் கசந்தாலும் அடுத்த முறை சரி செய்துகொள்ளலாம். மீண்டும் விண்ணப்பிக்கலாமா கூடாதா என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கடைசி ஒப்புதல் பெரியவர்களின் இயக்குநர் குழுவிடம்தான் இருக்கிறது என்பதால், கடிதங்களையும் அவர்களிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். காரணத்தை மழுப்பச் சொன்னால் மட்டும் நீ விட்டுக்கொடுக்காதே.

காரணம் எழுத வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால், மதிப்பெண் போடுகிற விதமே மாறும். பதினொன்றாம் வகுப்பில் நீ ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாய். எழுத்துப் பிழைகள் நிறைய, தலைப்பு ‘ஆடை உதவி’, விவரம் ஒன்றும் இல்லை. குழுவில் எல்லோரும் குறைவாகப் போட்டிருந்தார்கள். ‘இதை ஏன் தள்ளினோம் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாதும்மா’ என்றாய். அப்புறம் நேரில் போய்ப் பார்க்கலாம் என்று குழுவில் பேசி, அந்த ஆரம்பப் பள்ளிக்குப் போனீர்கள். உங்களை அழைத்துப் போனவள் நான்தான். அந்த அறை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. துப்புரவுப் பொருட்கள் வைக்கும் அறை. வெந்நீர்க் குழாய்மேல் வரிசையாக ஈரக் கையுறைகள், பல ஜோடிகளில் ஒன்று மட்டும். கீழே சின்னச் சின்ன பூட்ஸ், குதிகாலில் டேப் ஒட்டி அளவு எழுதியிருந்தது. பனிக்காலக் கால்சட்டையும் பூட்ஸும் இல்லாத பிள்ளைகள் இடைவேளையில் பனியில் இறங்கக் கூடாது, பெருக்கிவிட்ட தார்த்தரையில்தான் நிற்க வேண்டும் என்பது பள்ளி விதி. மற்றவர்கள் சறுக்கி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். அதற்காகப் பள்ளிச் செயலர் தானே சேர்த்து வைத்திருந்த பூட்ஸ் அவை. படிவத்தில் இது எதுவும் இல்லை. எழுதத் தெரியாதவரிடம்தான் சில நேரங்களில் நல்ல வேலை நடக்கிறது. இந்தக் குழுவையும் மதிப்பெண் போடும் முன் இரண்டு மூன்று இடங்களுக்காவது அழைத்துப் போ.

‘பாத்திரமறிந்து பிச்சையிடு’ என்று பாட்டி அடிக்கடி சொல்வார். எனக்கு அந்தப் பழமொழி பிடிப்பதில்லை. இங்கே விண்ணப்பிக்கிறவர்கள் யாரும் பிச்சைக்கு வரவில்லை. ஊர் செய்ய வேண்டிய வேலையைத் தாங்கள் செய்துகொண்டிருக்கிறோம், அதற்குப் பணம் தாருங்கள் என்கிறார்கள். பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ‘அவர்களுக்கு’, ‘அந்த மாதிரிக் குடும்பங்களுக்கு’ என்று பேசத் தொடங்கினால், மெதுவாக நிறுத்து. உன் வேனில் வரும் பிள்ளைகளில் ஒருவன் வீட்டுக்கே இப்படி ஓர் உணவு வங்கியிலிருந்து பெட்டி போகிறதா என்பது உனக்குத் தெரியாது. அவன் சொல்லவும் மாட்டான். அப்படிப்பட்ட பிள்ளைதான் கூட்டத்தில் பேசாமல் இருப்பான். அவனுக்குத்தான் மற்ற எல்லோரையும்விட அதிகம் தெரிந்திருக்கும்.

அதற்காகவே இன்னொன்று. கையுறை, தொப்பி, கனமான காலுறை, இரண்டு மூன்று அளவுகளில் பூட்ஸ் எல்லாம் ஒரு பெட்டியில் போட்டுக் கதவருகே திறந்து வைத்துவிடு. ‘இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று அறிவிக்காதே. நீயே முதலில் அதிலிருந்து ஒரு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொள். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் உன் பழைய பூட்ஸையும் தம்பியுடையதையும் அப்பா நாளை தபாலில் அனுப்புகிறார்.

தங்கள் அம்மாவோ அத்தையோ வேலை செய்யும் அமைப்பின் விண்ணப்பம் வந்தால், அந்தப் பிள்ளை அறையை விட்டு எழுந்து போக வேண்டும் என்பதைக் கண்டிப்பாகச் சொல். சின்ன ஊரில் இது வராமல் இருக்காது. அறையில் பேசியது அறையோடு போக வேண்டும் என்பதும் அப்படித்தான். இவை உனக்குத் தெரிந்தவையே. கடினமானது நீ வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். எந்த விண்ணப்பம் நல்லது என்று உனக்கு உடனே தெரிந்துவிடும், உன் முகத்தைப் பார்த்தே பிள்ளைகள் கை தூக்கத் தொடங்குவார்கள். வாக்கெடுப்பு நேரத்தில் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொள், அல்லது எழுந்து போய்க் கோகோ கலக்கு.

ஃபிரீசர் கேட்ட அந்த அம்மாளிடம் உன் முகாமைப் பற்றிச் சொன்னேன். முதலில் யோசித்தார், பிறகு பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை மூன்று மணிக்கு அவர் நம் வீட்டில் இருப்பார், நானும் பக்கத்தில் இருப்பேன். முகாமில் செல்போன் எடுக்காவிட்டால் அலுவலக எண்ணிலிருந்து கூப்பிடு, ஸ்பீக்கரில் போடு. அரை மணி நேரம் போதும். என்ன கேட்பது என்பதை நீ எழுதிக் கொடுக்காதே. பிள்ளைகளே யோசித்து வைத்திருக்கட்டும். அவருக்கும் அவர்களிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறதாம். என்னவென்று என்னிடமே சொல்லவில்லை.

போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி அனுப்பு.

அன்புடன்,
அம்மா