பயிற்சி ஆசிரியர்களை ஒரே வகுப்பில் விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு படிக்கும் ஒரு மாணவி இந்த ஆண்டு என்னுடைய இரண்டாம் வகுப்புக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக வந்திருந்தார். ஆரம்பத்தில் பாடக்குறிப்பைப் பார்த்தபடியே, கரும்பலகையை விட்டு நகராமல் நடத்தினார், குரலும் எழும்பவில்லை. அப்புறம் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், அரும்பு எனும் தொடக்க நிலையில் இருக்கும் பிள்ளைகளோடு தரையில் உட்கார ஆரம்பித்தார் பாருங்கள், மாற்றம் அங்கேதான் தொடங்கியது. ப, ட, ம் மூன்றையும் தனித்தனியாகச் சரியாகச் சொல்லும் ஒரு பையனுக்கு அவற்றைச் சேர்த்து வாசிக்க வரவில்லை. எழுத்து அட்டைகளை ஒவ்வொன்றாக நெருக்கி வைத்துவிட்டு, அவனாக 'படம்' என்று சொல்லும்வரை எடுத்துக் கொடுக்காமல் இவர் காத்திருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் பல இடங்களில் பயிற்சிக்கு வருகிறவர்களை ஆசிரியர் இல்லாத வகுப்புக்கெல்லாம் மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள், மிச்ச நேரத்தைப் பதிவேடும் சார்ட்டும் தின்றுவிடுகின்றன. பயிற்சிக் காலம் முழுக்க ஒரே வகுப்பில், அதே பிள்ளைகளோடு அவர்களை இருக்க விட வேண்டும். எழுதும் வேலையைப் பாதியாகவாவது குறைக்க வேண்டும். கல்வித் துறை அடுத்த பயிற்சிக் காலத்துக்குள் இதைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

- ஓர் இடைநிலை ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்