ஒப்பந்தத்தைப் பூட்டி வைப்பானேன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுப் பணம் சேர்ந்த ஆய்வில் காப்புரிமை யாருக்கு என்ற பேச்சு வந்தாலே எனக்குக் கோவாக்சின் கொரோனா தடுப்பூசிதான் நினைவுக்கு வரும். கிருமியைப் பிரித்தெடுத்துக் கொடுத்தது மத்திய அரசின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் புனே ஆய்வகம். ஐசிஎம்ஆருக்கு நிகர விற்பனையில் 5 சதவீதம் ராயல்டி (உரிமைத்தொகை) என்று ஒப்பந்தமும் உண்டு. அப்படியிருந்தும் தடுப்பூசியைத் தயாரித்த பாரத் பயோடெக் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தில் ஐசிஎம்ஆர் பெயர் சேர்க்கப்படவில்லை. 2024-இல் விஷயம் வெளியே வந்ததும், தவறுதலாக விடுபட்டது என்று சொல்லிப் பெயரைச் சேர்க்க நிறுவனத்தார் முன்வந்தார்கள். சரி, அவசரத்தில் நேர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். கூடவே சொன்ன காரணம்தான் உறுத்துகிறது: ஒப்பந்தம் ரகசிய ஆவணம், அதனால் கைக்குக் கிடைக்கவில்லையாம்! கையெழுத்துப் போட்டவர்களுக்கே எட்டாத ரகசியமா?

பெயர் இருப்பது வெறும் கௌரவத்துக்கு அல்ல. காப்புரிமைச் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், கூட்டு உரிமையாளர் ஒருவர் மற்றவர் சம்மதமின்றி வெளியாருக்கு உரிமம் தர முடியாது. பெயர் இல்லாதவரிடம் யார் சம்மதம் கேட்பார்கள்?

தொழில் ரகசியங்களை வேண்டுமானால் மறைத்துக்கொள்ளட்டும். உரிமை, உரிமம், ராயல்டி பற்றிய பிரிவுகளையாவது ஐசிஎம்ஆர் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும்.

– ஒரு வாசகர், திருச்சி