கோத்ததா, கலந்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், அச்சில் வளையம் கோத்ததுபோல ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடக்கும் மூலக்கூறுகள் பற்றிய கட்டுரையை ஆசையாகத்தான் எடுத்தேன். "வளையம் மாட்டியிருப்பதைக் காந்த ஸ்கேனில் படம் எடுத்துப் பார்த்தனர்" என்ற வரிக்குமேல் வாசிக்க மனம் வரவில்லை.

யாரும் படம் எடுக்கவில்லை ஐயா. கரைசலை என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவியில் வைத்து, குழாயின் நீளவாக்கில் காந்தப்புலம் சீராகக் கூடும்படி ஒரு துடிப்பு கொடுப்பார்கள். சற்றுப் பொறுத்து இன்னொன்று. இடையில் மூலக்கூறு எவ்வளவு அலைந்ததோ அதற்கேற்ப சிக்னல் மங்கும். ஸ்டெஜ்ஸ்கல், டானர் இருவரும் 1965-இல் தந்த முறை. சிறியது வேகமாக அலையும், பெரியது மெதுவாக. மண்டைக்காடு கொடைக் கூட்டத்தில் தனிப்பிள்ளை இடுக்கில் புகுந்து ஓடிவிடும். அம்மா கையைப் பிடித்துவிட்டால் இருவருக்கும் ஒரே நடை. அதுபோல வளையத்தின் சிக்னலும் அச்சின் சிக்னலும் ஒரே விரவல் எண்ணை, அதாவது அலையும் வேகத்தின் அளவை, காட்டினால் இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன. வெறுமனே கலந்திருந்தால் இரண்டு எண்கள் வரும். கோக்காமல் ஒட்டித் திரிந்தாலும் ஒரே எண் வரலாம் என்பதால் வேறு சான்றும் தேடுவார்கள்.

இந்த எண் இல்லாமல் என் மாணவி பட்ட பாடு எனக்குத் தெரியும். எம்.ஃபில். ஆய்வுக்கு அவள் செய்த சேர்மத்தை நாகர்கோவிலிலிருந்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பி மூன்று மாதம் காத்திருந்தோம். விரவல் அளவீடும் கேட்டு எழுதியிருந்தோம்; சேர்மத்தின் ஹைட்ரஜன்களைக் காட்டும் சாதாரண புரோட்டான் நிறமாலை மட்டும் வந்தது. வாய்மொழித் தேர்வில் "கோத்ததா, கலந்ததா?" என்று கேட்டார்கள். அவளிடம் பதில் இல்லை. வராந்தாவில் நின்று அழுதாள்.

2016-இல் சோவாஜ், ஸ்டோடார்ட், ஃபெரிங்கா மூவருக்கும் மூலக்கூறு இயந்திரங்களுக்காக நோபல் கிடைத்தபோது தங்கள் இதழில் நான்கு வரி. சோவாஜ் 1983-இலேயே செம்பு அயனியைச் சுற்றி வளையங்களைக் கோத்துக் காட்டியவர் என்று எழுதி அனுப்பினேன்; வெளியிடவில்லை. பிறகு திங்கள் அறிவியல் பக்கமும் நின்றது, அந்த இடத்தில் ராசிபலன். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தின் முதல் மாவட்டம் குமரி என்பது தாங்கள் அறியாததல்ல. இங்குள்ள பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும் என்று யார் முடிவு செய்தார்கள்?

அடுத்த ஞாயிறு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். 'படம் எடுத்து' என்பதை 'நகர்வை அளந்து' என்று மாற்றினாலே போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை,
தக்கலை.